சம்பந்தி கொடுத்த வாஷர்

ஏப்ரல் 3
எங்கள் வார்னிஷ் தொழிற்சாலைக்குப் புது அசிட்டோன் தொட்டி வந்தாயிற்று. துருப்பிடிக்காத எஃகு. ஷிம்கெண்ட் நகரம் முழுக்கத் தேடினாலும் இப்படி ஒன்று கிடைக்காது. பொறுப்பாளர் என்று கையெழுத்துப் போட்டது நான். குழாய் இணைப்புகளுக்கு டெஃப்ளான் வாஷர் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். முதலாளி ஒரின்பாய் அகா படித்துவிட்டு உடனே தலையாட்டினார். அவர் இவ்வளவு சுலபமாகத் தலையாட்டினால் ஏதோ இருக்கிறது.

ஏப்ரல் 4
இருந்தது. ஒரு பெட்டி நிறையக் கறுப்பு ரப்பர் வாஷர். அகா மகளின் மாமனார் தாஸ்தெமிர், கார் உதிரிபாகக் கடைக்காரர், அன்பளிப்பாக அனுப்பியது.

"பெட்ரோல்லயே வருஷக்கணக்கா கெடக்குற ரப்பர், குல்யாஷ்! உன் அசிட்டோன் அதை என்ன பண்ணிடும்?" என்றார் அகா.

"பெட்ரோல் வேற, இது வேற அகா. இதுல இந்த ரப்பர் ஊறி உப்பிடும். அப்புறம் ஒழுகும். ஒரு பொறி போதும், எல்லாரும் சாம்பல்."

"சம்பந்தி குடுத்ததை வேணாம்னா என் பொண்ணு அந்த வீட்டுல எப்படித் தலைநிமிர்ந்து நடப்பா?"

இதற்குப் பதில் எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது?

ஏப்ரல் 5
ஜாம் பாட்டிலில் அசிட்டோன் ஊற்றி, சம்பந்தி வாஷர் ஒன்று, டெஃப்ளான் ஒன்று போட்டேன். மூடிக்குள் இருக்கும் பூச்சையும் நம்ப முடியாது, அதனால் அலுமினியத் தாளை வைத்து மூடினேன்.

ஏப்ரல் 7
டெஃப்ளான் போட்டபடியே இருக்கிறது. ரப்பர் மட்டும் எண்ணெயில் போட்ட பவுர்சாக் மாவுருண்டை மாதிரி உப்பிவிட்டது. பாட்டிலை அகாவின் மேசையில் வைத்தேன். அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை சம்பந்தி வர்றாரு. அவர் வாஷர் மாட்டியிருக்கணும், அவ்வளவுதான். முடியாதுன்னா வேற பொறுப்பாளரைப் பாத்துக்குறேன்."

பிறகு தேநீர் ஊற்றினார். விளிம்பு வரை! இருக்க வேண்டியவருக்கு அரை அரையாகத்தான் ஊற்றுவோம். போகவே மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கும் விருந்தாளிக்குத்தானே நாங்கள் கிண்ணத்தை நிரப்பிக் கொடுப்போம், குடிச்சிட்டுக் கிளம்பு என்று? பதினாறு வருஷம் உழைச்சதுக்கு இதுவா மரியாதை? ஒரு மூச்சில் குடிச்சிட்டு வந்துட்டேன். நாக்கு வெந்ததுதான் மிச்சம். அழுகையாக வருகிறது.

ஏப்ரல் 8
தொட்டியில் மாட்டவில்லை. மாட்டவும் மாட்டேன்.

ஏப்ரல் 11
தாஸ்தெமிர் வந்தார். வந்ததும் வராததுமாக, "எங்க நம்ம வாஷர்?" என்றார். அகாவின் முகம் வெளிறிவிட்டது. நான் முற்றத்துத் தண்ணீர்க் குழாய்கள் ஏழையும் காட்டினேன். நேற்றே எல்லாவற்றிலும் மாட்டியிருந்தேன்.

"ஒரு சொட்டு ஒழுகல பாருங்க," என்றேன்.

மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை. ஏழையும் திறந்து திறந்து மூடினார். பிறகு தொட்டிப் பக்கம் திரும்பியவர், அதில் 'அசிட்டோன்' என்று எழுதியிருந்ததைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"ஐயையோ, இதுல மாட்டலியே? உப்பிடுமே சம்பந்தி! நீங்க வெறும் தொட்டின்னுதானே சொன்னீங்க, நான் தண்ணித் தொட்டின்னு நெனச்சேன்!"

"சேச்சே, இதுல போய் மாட்டுவமா?" என்றார் அகா. என் பக்கம் திரும்பவே இல்லை.

எதற்கு என்று அவர் கேட்கவில்லை, இதற்கு என்று இவர் சொல்லவில்லை. சம்பந்திகளாம்!

ஏப்ரல் 14
டெஃப்ளான் வந்தது, மாட்டினேன். வெயிலில் அசிட்டோன் விரிய இடம்விட்டுத் தொட்டியை நிரப்பினேன்.

மாலையில் அகா கூப்பிட்டார். தேநீர் ஊற்றினார். எட்டிப் பார்த்தேன்.

அரைக் கிண்ணம்தான். குடித்து முடித்ததும் இன்னொரு அரை.