நான் கூட்டிய கூட்டம்

ஆனி மாதம், வியாழன் இரவு. திருவில்லிபுத்தூர்.

எந்த மேடையிலும் நான் அறியாத அச்சம் இது. பார்வையற்ற இளைஞர்க்கு நாற்காலிப் பிரம்பு பின்னக் கற்பிக்கும் நம் கூடத்துக்கு நகர மன்றம் தரும் பணத்தை நிறுத்த முனைகிறார்கள். "இவர்கள் பின்னியதை எவர் கண்டார்?" என்று கேட்டார் மன்றத் தலைவர். மாலைக் கூட்டத்தில் நான் முழங்கினேன்: "நாளைக் காலை மன்றத்து முற்றத்தில் எங்கள் ஞானம்மாள் பின்னுவாள். ஊரே வந்து காணட்டும்!" கைதட்டல் அடங்கவே இல்லை. அந்த வேகத்தில் தளவாய்புரம் வரை பறையறைய ஆள் அனுப்பிவிட்டேன்.

மேடையிலிருந்து இறங்கியதும் கூடத்துக்கு விரைந்து ஞானம்மாளிடம் செய்தியைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது.

"அண்ணாச்சி, ஊரையா கூப்பிட்டிருக்கிய? பிரம்ப இழுக்கையில அது முனங்குத சத்தத்த வச்சுத்தான் எம்புட்டு இறுக்கணும்னு எனக்குத் தெரியும். சந்தைக்குள்ள உக்காந்து எப்படிப் பின்ன? அத்துல்லா போயிரும்!"

"கூட்டத்தை நான் அமைதியாக்குகிறேன், தங்கச்சி."

"எப்படி? பேசியா?" என்று சிரித்தாள். சிரிப்பு உடனே நின்றது. "பணம் நின்னா எனக்குப் பழையபடி அண்ணன் வீட்டு மூலைதான். மத்தவிய கோயில் வாசல்ல கையேந்தணும்."

வீடு திரும்பினேன்.

உறக்கம் வரவில்லை. தெருவில் மாட்டு வண்டிகள் வந்து நிற்கும் ஓசை கேட்கிறது. வெளியூரார் இப்போதே வரத் தொடங்கிவிட்டனர். நாளை நான் வாய் திறந்தால் இவர்கள் கைதட்டுவார்கள். திறவாவிட்டால், பேசு பேசு என்று இரைவார்கள். எப்படியும் பிரம்பின் முனகல் ஞானம்மாளுக்குக் கேட்காது.