கால் வைக்காமலே பழுப்பான தண்ணீர்

12 நவம்பர் 2006, ஞாயிறு

சோளக்காட்டுச் சந்தையில் ஒருத்தன் அயானிக் மெஷின் என்று ஒரு கரண்ட் தொட்டி விற்றான். அந்த உப்புத் தண்ணீரில் கால் வைத்தால் சர்க்கரை நோயின் விஷமெல்லாம் இறங்கிவிடுமாம். சர்க்கரையால் ஒரு காலில் ஆறாத புண்ணுள்ள என் வீட்டுக்காரர், புண்ணில்லாத காலை வைத்துப் பார்த்தார். தண்ணீர் பழுப்பானது. அவர் சிரித்தே எத்தனை நாளாயிற்று. எனக்கும் ஆசை வந்துவிட்டது.

ஆனாலும், "ஏனுங்க, கால் வைக்காம ஒருக்கா ஓட்டிக் காட்டுங்க" என்றேன். மழுப்பினான். கூட்டம் விடவில்லை. புதுத் தண்ணீர் ஊற்றி ஓட்டினான். அதுவும் அதே பழுப்புதான்.

பஸ்ஸில் இவர் கேட்டார்: "டாக்டர் கால் வெரலை எடுக்கோணுங்கறாரு. எனக்கிருந்த ஒரு வழியையும் ஏன் அடைச்சே?"

ஊட்டுக்கு வந்து புண்கட்டை அவிழ்த்தேன். கருப்பு அடுத்த விரலுக்கும் ஏறியிருக்கிறது. அவருக்கு வலி தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

காலையில் முதல் பஸ்ஸுக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளப்ப வேண்டும். வரமாட்டேன் என்றால் அந்தக் காலிலேயே விழுவேன்.