வழக்குக் கட்டில் கிடந்த கால் அளவு

இன்று காலை உன் வழக்குக் கட்டைப் பிரித்தபோது, சமரச மனுவுக்கும் பத்திர நகலுக்கும் இடையிலிருந்து ஒரு காகிதப் பாதம் நழுவி விழுந்தது. நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் பென்சிலால் வரைந்து வெட்டியெடுத்த உன் மகளின் வலது கால். சுண்டுவிரல் அருகே கத்தரி கொஞ்சம் தடுமாறியிருக்கிறது.

பள்ளி திறக்கும் முன் ஒவ்வோர் ஆண்டும் அவளைத் தாளின்மேல் நிற்கவைத்து வரைந்துகொள்வாய். மனைவியைப் பிரிந்த பின் மகளைப் பார்க்கக் கிடைத்த சிறு நேரத்தில் அவளைக் கடைக்கு அழைத்துச் செல்ல வாய்க்கவில்லை. பாதத்தை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தேரடி வீதிச் செருப்புக் கடைக்குப் போவாய். மகளுக்காக நீதிமன்றம் விதித்த மாதத் தொகையில் அடங்காத செலவு, ரசீது வாங்கி வை என்றேன்.

"இன்னாடா வக்கீலு, புள்ளைக்கு ஷூ வாங்கறதுக்கும் செக்ஷன் தேடுவியா?" என்று சிரித்தாய்.

செங்கம் சாலை மாடி வீட்டின் அறைகளை வாடகைக்கு விட்டு வாழ்ந்தவன் நீ. விவாகரத்து வழக்கு தொடங்கியதும் அந்த வீடு கைவிட்டுப் போகும் என்று பயந்தாய். வழக்கு முடியும்வரை உன் தம்பி பெயரில் இருக்கட்டும் என்று நாம் மூவரும் பேசி முடிவு செய்தோம். இங்கே பலர் செய்வதுதான். சும்மா கொடுத்ததாக எழுதினால் பின்னால் கேள்வி வரும் என்று, தம்பி உன் கடன்களை அடைத்ததற்கு ஈடாகத் தருவதாக ஒரு வாக்கியம் சேர்த்தேன். அப்படியொரு கடன் இருந்ததே இல்லை. அந்த வாக்கியம் முழுக்க என்னுடையது.

வழக்கு சமரசத்தில் முடிந்ததும் வந்தாய். "வூட்ட திருப்பி வாங்கி பாப்பா பேர்லயே எழுதிடலாம்டா." உன் மனைவி கொடுத்த போலீஸ் புகார் இன்னும் முறைப்படி முடியவில்லை, ஒரு வாய்தா பொறு என்றேன். பொறுத்தாய். அந்த வாய்தாவுக்கு எட்டு நாள் இருக்கையில் மார்பு வலிக்கிறது என்று ஆட்டோவில் ஏறினாய். மருத்துவமனை வாசலில் உன்னைத் தூக்கித்தான் இறக்கினார்கள்.

மாதத் தொகைக்கான உத்தரவு உன் மூச்சோடு முடிந்தது. தந்தை விட்டுச்சென்ற சொத்திலிருந்து பிள்ளை பராமரிப்பு கேட்கலாம். அதை இலவசமாகப் பெற்றவரிடமும் கேட்கலாம். இலவசம் அல்ல என்று எழுதி அந்த வழியை அடைத்தவன் நான்.

உன் தம்பியை இருமுறை போய்ப் பார்த்தேன். காபி கொடுத்தார். தன் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி நிறையச் சொன்னார். கடைசியில், "நீங்க எழுதன பத்திரம்தான் சார். பொய்னா நீங்கதான் வந்து சொல்லணும்" என்றார்.

மகளுக்காக அவள் தாய் உன் தம்பிமீது வழக்குத் தொடுத்திருக்கிறார். பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து என்னுடையது என்பதால் இன்று என்னை விசாரிக்கிறார்கள். நேற்று தாயும் மகளும் என் அலுவலகம் வந்தார்கள்.

"அவர் மேல எனக்கு கோவம் ஜாஸ்திதான் சார். ஆனா பாப்பாவ ஒரு மாசம்கூட விட்டதில்ல. இப்ப யார்கிட்ட போய் கேக்கறது?"

உன் மகள் ஷூவின் பின்பக்கத்தை மிதித்து, குதிகால் வெளியே தெரிய உட்கார்ந்திருந்தாள்.

கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது. அவர் இறந்தாலும் அந்தக் கட்டுப்பாடு தீராது. சட்டத்தை ஏமாற்றச் செய்த காரியத்துக்கு அது பொருந்தாது என்றும் வாதம் உண்டு. இரண்டையும் திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன். நிச்சயம் வரவில்லை. நிச்சயம் வராமல் நான் எதையும் செய்ததில்லை. அதனால்தான் உன்னையும் பொறுக்கச் சொன்னேன்.

ஆகவே உன்னிடமே கேட்கிறேன். நாம் பேசியதைச் சொல்லட்டுமா? உன்னைப் பொய்யன் என்பார்கள். என் தொழில் போகலாம். அன்று பொய் எழுதியவர் இன்று மட்டும் மெய் சொல்கிறாரா என்று எதிர்த்தரப்பு கேட்கும்; நீதிபதி நம்பாமலும் போகலாம். அப்போது அவளுக்கு ஒன்றும் மிஞ்சாது. என் வாயைத் தவிர அவளுக்கு வேறு சாட்சி இல்லை. ஒரு வார்த்தை சொல்லேன்டா.

பாதத்தை மறுபடி கட்டுக்குள் வைக்க முடியவில்லை. நீ வைத்துக்கொள்வது போல் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். சம்மதம் என்று காட்ட உன் கையால் ஆனது இந்தப் பென்சில் கோடு ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. அவள் கால் அதைத் தாண்டி வளர்ந்துவிட்டது.

பத்தரைக்குக் கூப்பிடுவார்கள். சொல்லப்போகிறேன்.