கல்லுத்துளசியின் வதிவிடச் சான்று

திம்புள்ள
12.05.1957

அன்பு மகள் பவுலினுக்கு,

அம்மா எழுதுகிறேன். இன்று எழுந்ததும், ஜெபம் சொல்லுமுன்பே, மீனம்மாக்காவின் லயத்து வீட்டுக்குப் பின்னால் போய்க் கல்லுத்துளசியில் கொஞ்சம் விதை உதிர்த்து வந்தேன், ஆண்டவர் பொறுத்துக்கொள்வார். அதை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். நானும் அப்பாவும் சுகம், அப்பாவுக்கு இருமல் மட்டும் விடவில்லை, தோட்டத்துத் துரையின் ஆபீசில் கிளாக்கருக்கு இருமவும் நேரம் ஏது. சென்னை வெயிலில் நீ தலைக்கு எண்ணெய் வைக்காமல் திரிவதாகக் கேள்விப்பட்டேன், யார் சொன்னது என்று கேட்காதே.

இங்கே பெரிய செய்தி இந்தச் செடிதான். நுவரெலியா பூக்கண்காட்சியில் இந்த வருடம் சுதேசச் செடிக்குத் தனியாக வெள்ளிக் கிண்ணம். நம் கல்லுத்துளசி துளசிக் குடும்பத்தில் அபூர்வமான சுதேசச் செடி என்று யாரோ சொல்ல, துரை நான்கு கன்றுகளை பங்களாவுக்குக் கொண்டுபோனார். நிழலில் பீங்கான் தொட்டி, நல்ல எரு, இரண்டு வேளையும் தண்ணீர். பதினைந்து நாளில் நான்கும் அழுகிவிட்டன. வெயிலும் சரளையும் தண்ணீர் தங்காத சரிவும் இருந்தால் போதும் என்று தோட்டக்காரர் மாயாண்டி சொன்னதற்கு, அவ்வளவு ஏழ்மையில் எந்தச் செடி பிழைக்கும் என்று துரைசாணி கேட்டாராம். லயத்துப் பக்கம் அவர் வந்ததில்லை.

கடைசியில் மீனம்மாக்காவின் லயத்துக்குப் பின்னால் நிற்கும் தாய்ச்செடியையே, இருந்த இடத்திலேயே, போட்டிக்குப் பதிந்தார்கள். அது இருபது வருடமாவது ஒரே இடத்தில் வளர்ந்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்றது கண்காட்சிக் குழு. துரை பள்ளிக்கூடத்திலிருந்து என்னைக் கூப்பிட்டுத் தான் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுத வைத்தார். 1935இல் தொழிலாளி மீனம்மா நட்டது, அன்றுமுதல் இன்றுவரை இந்தத் தேயிலைத் தோட்டத்தை விட்டு நீங்காமல் அவளே பராமரிக்கிறாள், ஆட்களின் பேர் பதியும் பழைய பெரட்டுப் புத்தகத்தில் தோட்டத்துரையாகிய நானே பார்த்து உறுதி செய்தேன் என்று. இரண்டு பிரதியிலும் கையெழுத்துப் போட்டார், அப்போது அவர் கண்ணில் கிண்ணம் தவிர வேறொன்றும் தெரியவில்லை. கிண்ணமும் கிடைத்தது.

இதே பெரட்டுப் புத்தகத்தைக் கேட்டுத்தான் பங்குனியில் மீனம்மாக்கா ஆபீஸ் வாசலில் மூன்று நாள் நின்றார். பிரஜாவுரிமை மனுவுக்கு, 1936 முதல் பத்து வருடம் இங்கே இருந்ததைக் காட்டு, மூன்று மாதத்துக்குள் காட்டாவிட்டால் மனு தள்ளப்படும் என்று கொழும்பிலிருந்து கடிதம் வந்திருந்தது. புத்தகத்தைக் கறையான் தின்றுவிட்டது என்றார் துரை. செடிக்கு வேண்டும் என்றதும் கறையான் திருப்பிக் கொடுத்துவிட்டது போலிருக்கிறது. மீனம்மாக்கா சிரித்துக்கொண்டே, செடி இந்த நாட்டுக்காரியாயிருச்சுங்க டீச்சரம்மா, நட்டவதான் வெளியூர்க்காரி, அடுத்த பொறப்புல வேரோட பொறந்துக்கிறேன் என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தவணைக்கு இன்னும் பத்து நாள்தான்.

விதையை வெயிலில், சரளை கலந்து போடு, தண்ணீர் ஊற்றி உபசரிக்காதே. ஞாயிறு பூசையைத் தவறவிடாதே. மாதா உன்னைக் காக்கட்டும்.

இரண்டாவது பிரதி என் வேதாகமத்துக்குள் இருக்கிறது. நாளை தலவாக்கலை தபாற்கந்தோரில் அதைப் பதிவுத்தபாலில் கொழும்புக்கு அனுப்பிவிடுவேன். மீனம்மாக்காவுக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது, தெரிந்தால் வேலை போய்விடும் என்று தடுப்பார், போகவும் கூடும். உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன்.

உன் அம்மா,
தெரேசா