இரண்டு பேர் மோதிய பாறை

கர்த்தருக்குள் அன்பான லைசானியின் அப்பாவுக்கு,

திதிலியா எழுதிக்கொள்வது. நானும் பிள்ளையும் சுகம். உங்கள் சுகத்துக்காக ஜெபிக்கிறோம். கப்பலில் கொடுத்தனுப்பிய சோப்பும் துணியும் வந்து சேர்ந்தன. கடிதமும் வந்தது. “நான் எதற்கும் உதவாதவன், பிள்ளையிடம் என்னைப் பற்றிப் பேசாதே” என்று எழுதியிருந்தீர்கள். அதற்குப் பதில் எழுத மூன்று மாதம் ஆகிவிட்டது. காரணம் இருக்கிறது.

லைசானிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. மரவள்ளியைப் பன்றி கிளறிவிட்டது, மறுபடி நட்டிருக்கிறேன். உங்கள் அண்ணனுக்கு இருமல் குறைந்திருக்கிறது.

நீங்கள் போன இந்த இரண்டு வருஷத்தில் ஊர்ப் படகை ஓட்ட நிலையாக ஆள் இல்லை. கரையோரம் மீன்பிடிக்க ஓட்டிப் பழகிய துணிச்சலில், கப்பலுக்குக் கொப்பரை ஏற்றிப்போக நான் முன்வந்தேன். சாலோத்தே அக்காவும் கூட வந்தாள். நல்ல வெயில், காற்றே இல்லை. நீங்கள் மோதிய அதே பாறையில் மோதினேன். ஊரில் அதை இப்போது உங்கள் பெயரால் அபெனிசா பாறை என்றுதான் சொல்கிறார்கள். பெயர் தெரிந்தும் மோதினேன். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. மோட்டாரின் விசிறி உடைந்தது. பதினொரு மூட்டை கொப்பரை கடலில் போயிற்று, அதில் ஏழு சாலோத்தே அக்காவுடையது.

காய்ச்சல் என்று சொல்லி வீட்டுக்குள் கிடந்தேன். ஞாயிறு கோயிலுக்கும் போகவில்லை. மூன்றாம் நாள் நெதானி வாத்தியார் வந்தார். நீங்கள் பாறையில் மோதிய அன்று படகில் கால் நசுங்கியவர், இன்னும் சாய்ந்துதான் நடக்கிறார். வாசலில் நின்றபடி, “காய்ச்சலா, வெக்கமா? எதுவா இருந்தாலும் வெளிய வந்து படு” என்றார்.

வெளியே வந்து அவர் காலைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். அவரே சொன்னார்: “காலுக்காக அழுது முடிச்சிட்டேன். உம் புருஷன் ஒரு தடவை எம் முன்னால வந்து உக்காந்திருந்தா வாய் வலிக்கத் திட்டியிருப்பேன். அப்புறம் ரெண்டு பேரும் கவா வேரை இடிச்சுக் கரைச்சுக் குடிச்சிருப்போம். சொல்லாமக் கொள்ளாமக் கப்பலேறிட்டான். திட்ட ஆளில்லாம ரெண்டு வருசமா நான் மட்டும் மென்னுக்கிட்டு இருக்கேன்.”

அன்று மாலையே, மன்னிப்புக் கேட்க வைக்கும் கவா வேர்க்கட்டை எடுத்துக்கொண்டு ஊர்க்கூடத்துக்குப் போனேன். வழக்கப்படி தலை குனிந்து உட்கார்ந்து, “தப்பு என்னோடது, பாறையோடது இல்ல” என்றேன். சாலோத்தே அக்கா விடவில்லை. “ஏழு மூட்டையும் முதுகொடிய உடைச்ச தேங்காய்டி. இப்ப மீனு தின்னுக்கிட்டிருக்கு” என்று ஆரம்பித்தவள், மூச்சு வாங்கும் வரை திட்டினாள். பிறகு வேரை ஏற்றுக்கொண்டு, மன்னித்ததற்கு அடையாளமாகக் கை தட்டினார்கள். அவ்வளவுதான். நான் இரண்டு நாளாகப் பயந்தது அந்தக் கால் மணி நேரத்துக்கு.

புது விசிறி வந்ததும் ஊர்த் தலைவர் என்னையே ஓட்டச் சொன்னார். என்னால் முடியாது என்று அழுதேன். சாலோத்தே அக்காதான், “இடிச்ச எடம் உனக்குத்தான தெரியும். தெரியாதவன் படகுல நான் ஏன் ஏறணும்?” என்று முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தாள்.

நாலு தடவை போய்வந்துவிட்டேன். அந்த இடம் வந்தால் இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. வேகத்தைக் குறைத்து, தண்ணீரின் நிறம் பார்த்துப் போகிறேன். பயம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் எழுத வேண்டும். நீங்கள் ரத்தம் பட்ட சட்டையோடு கரையேறிய அன்று, “என் முகத்தில் விழிக்காதீர்கள்” என்று சொன்னேன். இத்தனை கடிதத்தில் ஒன்றிலும் அதை நான் எழுதவில்லை, நீங்களும் எழுதவில்லை. நீங்கள் ஊரை விட்டுப் போனது வாத்தியாருக்குப் பயந்து இல்லை, என் சொல்லால்தான் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்குள் கிடந்த அந்த இரண்டு நாளும் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது என் குரல்தான். மன்னித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையிடம் உங்களைப் பற்றிப் பேசத்தான் செய்வேன். அப்பா மோதினார், அம்மாவும் மோதினாள் என்று சொல்லியிருக்கிறேன்.

வாத்தியார் திட்டுவார், அதற்குத் தயாராக வாருங்கள். வரும் நாளை எழுதக்கூட வேண்டாம். ஒரு சனிக்கிழமை விட்டு மறு சனிக்கிழமை கப்பலிலிருந்து ஆட்களை இறக்கிக் கரைக்குக் கொண்டுவருவது நான்தான். கர்த்தர் உங்கள் வழியைக் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் திதிலியா