பதினேழாம் நம்பர் கொய்யா மரம்

வியாழன், வைகாசி கடைசி

இன்று ஆராய்ச்சிக்கு இலை பறிக்கிற சாக்கில் திருப்போரூர் தோட்டத்துக்குப் போனேன். கொய்யா மரங்களில் பாதியை வெட்டிப் போட்டிருந்தார்கள். தோட்டத்துச் சொந்தக்காரர் ஏழுமலை அண்ணன் கிணற்றோரம் உட்கார்ந்திருந்தார்.

"தண்ணி முச்சூடும் உப்பாயிடுச்சும்மா. பிளாட்டு போட குடுத்துட்டேன்," என்றார்.

போன வருடமே விற்க இருந்தவர். நான்தான் தடுத்தேன். மரத்தின் செல்களில் உப்பை முதலில் உணர்வது ஓர் ஏற்பிப் புரதம். அதற்கான மரபணு, நான் நம்பர் போட்டு வைத்திருந்த மரங்களில் பதினேழாவதில் மட்டும் நன்றாக வேலை செய்வதாக என் சோதனை காட்டியது. "அந்த மரம் உப்பைத் தாங்கும் அண்ணா. அதுலேர்ந்து பதியன் போடலாம், ஒரு வருஷம் பொறுங்க," என்றேன். பொறுத்தார். நட்ட பதியன் எல்லாம் கருகிப்போனது.

"உப்பு வந்தா மரத்துக்குத் தெரியும்னு சொன்னியே. தெரிஞ்சிகினு இன்னா பண்ணும்? எழுந்து ஓடவா முடியும்?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. பிறகு அவரே பதினேழாம் மரத்தில் இலை பறித்து, ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தார்.

"நாளைக்கு இதையும் வெட்டிடுவாங்க. உன் படிப்புக்காவது ஆவட்டும்."

வாங்கிக்கொண்டேன். போன மாதம் சோதனையைத் திரும்பச் செய்தபோதே தெரிந்துவிட்டது. பதினேழுக்கும் மற்ற மரங்களுக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. முதல் தடவை நான் இலை மாதிரிகளைத் தவறுதலாக மாற்றி வைத்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இன்று போனேன். அவர் பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்து நின்றார். பஸ்ஸும் வந்தது. சொல்லவில்லை.