ஏழு தரம் கழுவிய தட்டு

கல்முனை
12.03.1997

அன்பு மகன் றாஸிக்குக்கு, உன் உம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் உன் தங்கச்சி ஸுஹைறாவும் இங்கே சுகம், லண்டன் குளிரில் நீயும் நெஞ்சுச் சளி பிடிக்காமல் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கையேந்துகிறேன். பெரும்போக வெட்டு முடிந்து நெல் வீடு வந்துவிட்டது, இந்த முறை பதர் குறைவு. வாப்பாவின் முழங்கால் முன்னைக்குப் பரவாயில்லை, ஆனால் ஆஸ்பத்திரியில் தந்த குளிசையை ஒழுங்காகப் போடுகிறார் இல்லை, நீ ஒரு வரி கண்டித்து எழுது, மகன் சொன்னால்தான் அவருக்குக் காது கேட்கும்.

உன் கடிதம் வந்த அன்று ஸுஹைறாதான் எல்லாருக்கும் சத்தமாக வாசித்தாள். பூங்காவுக்குப் பக்கத்துக் கோப்பிக் கடையில் வேலை கிடைத்ததையும், அந்தக் கடைக்கு நாய்களும் வந்து சம்பந்தி வீட்டு ஆட்கள் மாதிரி உள்ளே படுத்துக்கொள்வதையும், அதுகளுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்துக் கழுவுவது உன் வேலை என்பதையும் கேட்டு வாப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு அவள் சடாரென்று நிறுத்தி, மிச்சத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நீங்களே வாசியுங்கள் உம்மா என்று என் கையில் தந்துவிட்டாள். கெட்டிக்காரி. குசினிக்குள் அடுப்படியில் போய் நின்று வாசித்தேன். ஒரு பெரிய மஞ்சள் நாய் தினமும் வந்து உன் காலில் சாய்ந்து படுக்கிறது, தள்ளிவிட மனம் வரவில்லை, அதனால் உடுப்பு எப்போதும் அசுத்தம் என்று நினைத்து ஒரு மாதமாகத் தொழுகையை விட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். வாப்பாவிடம் நான் சொல்லவில்லை. ஆனால் மகனே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வேலையையும் விடப்போகிறேன், நாயை வரவேற்கிற கடை நமக்குச் சரிவராது என்று கடைசியில் எழுதினாயே, அதற்குத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நாயை வரவேற்கிற கடை நம் ஊரிலும் ஒன்று இருக்கிறது. கேள்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஆப்பமும் இடியப்பமும் விற்கிற ஸம்ஸியாவை உனக்குத் தெரியும், கடலுக்குப் போகிற அபுல் ஹஸனின் பெண்சாதி. இப்போது முன்பக்கத்தில் கூரை இறக்கி, ஆட்கள் உட்கார வாங்குகள் போட்டுத் தேத்தண்ணிக் கடையும் வைத்திருக்கிறாள். வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் அவள் ஆப்பத்தைத் தின்றவன் அந்த வாயையும் பொறுத்துக்கொள்வான். பாண்டிருப்பிலிருந்து இராசதுரை என்று வயல் செய்கிற ஒரு வயதான கமக்காரர் கண் கிளினிக்குக்கு வருகிறார். சீனி வருத்தத்தில் பார்வை மங்கி, வீமன் என்ற கறுப்பு நாயின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். தொண்ணூறாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு அந்தப் பக்கத்துத் தமிழ் ஆட்கள் நம் கடைகளில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பது எவ்வளவு குறைந்துபோனது என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. இவர் வந்தால் நாயை வேறு கூட்டிக்கொண்டு வருகிறார். ஒரு கடையில் உள்ளே வாருங்கள் ஐயா, நாயை ரோட்டில் கட்டுங்கள் என்றார்களாம். இன்னொன்றில் வாயால் வாருங்கள் என்று சொல்லிக்கொண்டே நாய்மேல் வெந்நீரை ஊற்றினார்களாம். அதற்குப் பிறகு அவர் கிளினிக் முடியும் வரைக்கும் வெறும் வயிற்றோடு மதில் ஓரத்து வெயிலில் நிற்பார்.

ஸம்ஸியாதான் ஒருநாள் தெருவைக் கடந்துபோய், அண்ணன் நீங்களும் வாங்க, உங்கட வீமனும் வரட்டும் என்று கூட்டிவந்தாள். நாய்க்கு வாங்குக்குக் கீழே ஒரு சாக்கு. குடிக்கத் தண்ணீர் சிரட்டையில், குடித்து முடிந்ததும் அந்தச் சிரட்டை நேரே அடுப்புக்குள். கழுவுகிற கரைச்சலே இல்லை. தேங்காய் திருவுகிற கடையில் சிரட்டைக்கா பஞ்சம் என்று சிரிப்பாள். முணுமுணுத்தவர்களின் தட்டில் மேலதிகமாக ஒரு ஆப்பம் வைத்தாள்.

போன கிழமை வாப்பாவுக்குக் குளிசை எடுக்கப் போய், களைப்பில் நானும் அங்கே உள்பக்கத்து வாங்கில் இருந்தேன். இராசதுரை அண்ணன் தேத்தண்ணியைத் தட்டில் ஊற்றி ஆற்றிக் குடித்தார். கடைசி மிடறை வீட்டுப் பழக்கத்தில், யோசனையில்லாமல், தட்டோடு நிலத்தில் வைத்துவிட்டார். வீமன் சளக் சளக்கென்று நக்கிற்று. கடைப் பீங்கான் தட்டு, மகனே. பத்துப் பேர் வாயில் ஆப்பத்தோடு அப்படியே இருந்தார்கள். நெல் வியாபாரம் செய்கிற ஒரு ஹாஜியார் எழும்பி நின்று சால்வையை உதறினார். இராசதுரை அண்ணனுக்குக் கண் தெரியாதே, "என்ன தங்கச்சி, ஒருத்தரும் கதைக்கிறாங்க இல்ல?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர் மெல்ல விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கிப்போயிற்று. கயிற்றைத் தேடித் தடவிக்கொண்டு எழும்பினார். அன்று அவர் அந்தப் படியிறங்கினால் பிறகு ஒருநாளும் நம் ஆட்களின் கடைப் படி ஏறமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

ஸம்ஸியா அவருடைய தோளுக்கு மேலாகக் கயிற்றை எட்டிப் பிடித்து, இரிங்க அண்ணன் என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள், ஒரு பிடி மண்ணை அள்ளிக் குழைத்து முதல் தரம் தேய்த்தாள், பிறகு வாளித் தண்ணீர் அள்ளி அள்ளி ஊற்றிக் கழுவினாள், எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக ஒன்று, இரண்டு என்று எண்ணி ஏழோடு நிறுத்தினாள். திரும்பி வந்து அந்தத் தட்டிலேயே தேத்தண்ணி ஊற்றி, பிஸ்மில்லாஹ் என்று சொல்லித் தானே குடித்தாள். குடித்து முடித்து ஹாஜியாரைப் பார்த்துச் சொன்னாள், "நாய் நக்கினதக் கழுவ மார்க்கத்தில நமக்கு வழி சொல்லித் தந்திரிக்கி. வந்த மனிசன எழுப்பி அனுப்பினா, அத என்னத்தால கழுவுற?"

ஹாஜியார் போய்விட்டார், இன்னும் அந்தப் பக்கம் வரவில்லை. மற்றவர்கள் இருந்தார்கள். இராசதுரை அண்ணன் சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தேத்தண்ணி கேட்டார். எழும்பிப்போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது எனக்கு. நம் ஊரில் இப்படி ஒரு பெண் இருக்கிறாள் என்று பெருமையாக இருந்தது. மார்க்கத்தையும் விடவில்லை, மனிசனையும் விடவில்லை, நாயையும் பட்டினி போடவில்லை. இதைவிட வேறு என்ன வரவேற்பு வேண்டும்.

அதற்குப் பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. பள்ளிவாசல் மௌலவியிடம் ஆளைச் சொல்லாமல் கேட்டுவரும்படி ஸுஹைறாவின் மாமனாரை அனுப்பினேன். காய்ந்த நாய் காய்ந்த உடுப்பில் உரசினால் ஒன்றுமில்லை, ஈரம் பட்ட இடத்தைத்தான் மண்ணும் தண்ணீருமாகக் கழுவ வேண்டும், வேலைக்கு ஒரு உடுப்பும் தொழ ஒரு உடுப்பும் வைத்துக்கொண்டால் மனசுக்கும் நல்லது, எதற்காகவும் தொழுகையை மட்டும் விடவேண்டாம் என்று சொல்லியனுப்பினாராம். தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் கொடுத்தவரின் பாவத்தை அல்லாஹ் மன்னித்த கதையைச் சின்ன வயதில் ஓதப்போன இடத்தில் நீயும் கேட்டுத்தானே வளர்ந்தாய். அந்த வேலையை விடாதே. ஒன்று மட்டும் உம்மா கேட்கிறேன், அந்தக் கடையில் நாய்க்கெல்லாம் கிண்ணம் வைக்கிறார்களே, அதைக் கழுவுகிற உனக்கு ஒரு கதிரை தந்து, இரு தம்பி, ஒரு கோப்பி குடி என்று யாராவது சொல்கிறார்களா? சொன்னால் அது நல்ல கடைதான். சொல்லாவிட்டால் அவர்கள் இங்கே வந்து ஸம்ஸியாவிடம் படிக்கட்டும்.

பாலமுனை மாமாவின் மருமகன் பெருநாளுக்கு முன்னே லண்டன் வருகிறார். அவரிடம் தொதலும் மாசிச் சம்பலும் உடுக்க இரண்டு சாரனும் தந்துவிடுகிறேன், சாரன் தொழ மட்டும். அடியில் ஒரு சின்ன முடிச்சு இருக்கும், தூள் என்று நினைத்துக் கறிக்குள் போட்டுவிடாதே. மூன்றாம் மாடியில் மண்ணுக்கு எங்கே போவேன் என்று எழுதினாய் அல்லவா, ஸம்ஸியா தன் கிணற்றடி மண்ணைச் சலித்துக் கட்டித் தந்திருக்கிறாள். அது முடிந்துபோனால் எழுது, இங்கே மண்ணுக்குக் குறைவில்லை.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பறக்கத்தும் தரட்டும், உன் கால் நிற்கிற இடம் எதுவானாலும் அங்கே உன்னைக் காப்பாற்றட்டும். வாப்பாவும் தங்கச்சியும் ஸலாம் சொல்கிறார்கள். இதை வாசித்து முடிக்கும்போது எந்த நேரமோ, எழும்பி அந்த நேரத்துத் தொழுகையைத் தொழு. மற்றதையெல்லாம் பிறகு யோசிக்கலாம்.

இப்படிக்கு,
உன் உம்மா
ஸாலிஹா மீராசாஹிபு

அந்த மஞ்சள் நாயைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், அதன் பேரை எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் எழுது, ஸம்ஸியாவும் கேட்டாள்.